மண்ணெண்ணெய்க் காரும் பந்தயக் காரும்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்று மணிக்கு இருநூறு மைல் வேகத்திற் கார் ஓட்டுகிறார்கள். ஒருபுறம் வாழைத் தோட்டமும் மறுபுறம் வெங்காயப் பாத்திகளும் சூழ்ந்த நீர்வேலி வீடுகளின் விறாந்தைகளிலே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாற் சப்பாணி கட்டியிருந்து, இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு விசைக்கருவியைக் கொண்டு அவர்கள் இந்தச் சாதனையைப் புரிகிறார்கள். முற்றத்திலே நிற்பது தகப்பனுடைய பழைய சைக்கிள். திரையிலே பறப்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டேடோனா ஓடுபாதையிற் போட்டியிடும் நாற்பது கார்களுள் ஒன்று. இந்த முரண்பாட்டைக் கண்டு சிரித்துவிட்டுப் போவது எளிது. பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று பெருமூச்சு விடுவது அதனினும் எளிது. ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே செய்துவருகிறோம்.

ஆனால் விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு சமுதாயம் எதைப் பெருமையாகக் கருதுகிறது, யாரை வீரன் என்கிறது, யாருடைய உழைப்பைக் கண்ணிற் படாமல் ஒதுக்கிவைக்கிறது என்பவற்றை அதன் விளையாட்டுக்கள் காட்டிக் கொடுத்துவிடும். குடாநாட்டின் மாட்டுவண்டிற் சவாரியை ஊன்றிக் கவனித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சவாரித் திடலிலே பரிசு பெறுபவர் வண்டிலின் சொந்தக்காரர். மாட்டுக்குப் புல்லுச் செதுக்கியவன், லாடம் அடித்தவன், சில்லைச் செய்த தச்சன் ஆகியோரின் பெயர்களை ஒலிபெருக்கி சொல்வதில்லை. அந்தக் கண்ணோடு இந்தப் புதிய சவாரியையும் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பார்த்தேன். பார்த்தவற்றையும், அதன்பின் தேடி அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரிற் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தின் பெயர் நாஸ்கார் ஹீட் 5. 2020 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்தது; பிளேஸ்டேஷன் என்ற பெட்டியில் ஓடுகிறது. நாஸ்கார் என்பது அமெரிக்காவில் ‘ஸ்டொக் கார்’ப் பந்தயங்களை நடத்தும் நிறுவனம். ஸ்டொக் கார் என்றால் வேறொன்றுமில்லை: கடையிலே விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் கார். பந்தயத்துக்கென்றே தனியாக வார்த்தெடுத்த வண்டியன்று. கடைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றவும் வாங்கும் வண்டி. அந்தச் சாதாரணக் காரை ஊர்க் கராஜிலே திருத்திக் கூர்மைப்படுத்தி ஓட்டியவர்களின் கதையே இந்தப் பந்தயத்தின் ஆதிக் கதை. இன்று பந்தயத்தில் ஓடும் வண்டிகள் கடையில் விற்கும் வண்டிகளின் முகச்சாயலை மட்டுமே தாங்கியிருக்கின்றன என்பது வேறு விஷயம்.

அந்த ஆதிக் கதை நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலே, மலையடிவாரங்களில் வாழ்ந்த ஏழை விவசாயிகள் சோளத்தை விற்று வாழ முடியாதபோது அதையே சாராயமாக வடித்தார்கள். 1920 இலிருந்து 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னரும் வரி கொடாத சாராயம் இரவோடிரவாக மலைப்பாதைகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. துரத்திவரும் வரி உத்தியோகத்தரின் காரை முந்த வேண்டும். போத்தல்களின் பாரத்தாற் பின்பக்கம் தாழ்ந்து நின்றாற் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் வில்லுகளை மாற்ற வேண்டும். இயந்திரத்தை இழைத்துச் செப்பஞ் செய்ய வேண்டும். வட கரோலைனாவின் யூனியர் யோன்சன் அப்படிச் சாராயம் கடத்திப் பழகியவர். 1956 இல் தகப்பனின் வடிசாலையிற் பிடிபட்டுச் சிறை சென்றார். மீண்டு வந்து அந்தப் பந்தயத்தின் பெருவீரர்களுள் ஒருவரானார். 1948 இல் பில் பிரான்ஸ் என்பவரின் தலைமையில் நாஸ்கார் நிறுவனமாயிற்று. 1949 யூன் மாதத்திலே ஷார்லட் நகரில், திருத்தப்படாத கார்களுக்கென்று நடத்தப்பட்ட முதலாவது பந்தயத்தில் முதலிடம் வந்தவரின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. காரணம், அந்தக் காரின் பின் வில்லுகள் சாராயம் கடத்துவோர் செய்யும் முறையில் மாற்றப்பட்டிருந்தன! வறுமை கற்றுக்கொடுத்த கைவேலை, விளையாட்டாகி விதிகளுக்குள் வந்த முதல் நாளே குற்றமாயிற்று.

இந்தக் கதையை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது அமெரிக்காவன்று; எங்கள் பருத்தித்துறை வீதி. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் பெற்றோல் உட்படப் பல பொருள்கள் குடாநாட்டுக்கு வராமற் தடுக்கப்பட்டன. அக்காலத்திற் சிறு பிள்ளையாக இருந்த எனக்குக் கார் என்றாலே மண்ணெண்ணெய் மணந்தான். ஒஸ்டினும் மொறிஸ் மைனருமாகிய கிழட்டுக் கார்கள் வெண்புகை கக்கிக்கொண்டு நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி ஓடின. மருந்துப் போத்தலில் உயிரைப் போலப் பாதுகாத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்குவார்கள். இயந்திரம் சூடேறி மண்ணெண்ணெயை ஆவியாக்கும் நிலைக்கு வந்ததும் குழாயை மாற்றிவிடுவார்கள். புதிய கார்கள் இதற்கு உடன்படமாட்டா. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களே உடன்படும். இந்த இரகசியத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எங்கள் மெக்கானிக்குகளுக்குப் போதிக்கவில்லை. தேவை போதித்தது, கை கற்றுக்கொண்டது. ஸ்டொக் கார் என்பதன் உண்மைப் பொருள் சாதாரண மக்களின் சாதாரண வண்டியை அவர்களுடைய கையே திருத்தி ஓட்டுவது என்றால், அந்தக் கலை யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு ஆண்டுகள் செழித்திருந்தது. அதற்குப் பரிசுக் கிண்ணம் மட்டும் இருக்கவில்லை. அந்தக் கைகளின் பெயர்களை நாங்கள் எழுதி வைக்கவுமில்லை.

இனி என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 இல் அவன் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். தகப்பன் வெங்காயமும் புகையிலையும் செய்கிற சிறு கமக்காரர். காணியிற் பாதி குத்தகை. விளையாட்டுப் பெட்டியைக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த தாய்மாமன் தம் பிள்ளைகள் ஆடிக் கழித்ததென்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்கள் ஊர்களில் இத்தகைய பொருள்கள் வருகிற வழி இதுதான். கடல் கடந்தவர்களின் வியர்வை பெட்டியாகவும் பொட்டலமாகவும் திரும்பி வருகிறது.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டென்று வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் மாத இறுதியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்றது. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பின்னர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைத்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. நீர்வேலிக் கிணறுகளில் இறைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. வெங்காயத்துக்கு நாலு நாளைக்கொரு தரமாவது தண்ணீர் கட்ட வேண்டும். ஆகவே, தகப்பன் வெறுங் கலனோடு வரிசையில் நின்றார். மின்சாரம் வந்த நேரங்களில் மகன் டேடோனாவில் ஓடினான். அந்தப் பந்தயக் கார்கள் ஒரு கலன் பெற்றோலுக்கு நாலைந்து மைலே ஓடும். எங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமை முழுவதற்கும் கிடைத்த பெற்றோல், அங்கே இரண்டரை மைற் பாதையில் இரண்டு சுற்றுக்கு மட்டுமட்டாகப் போதும்.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவன் அந்த மாணவனே. தமிழ்ப் பாடத்தில் அவன் பெற்ற புள்ளிகள் முப்பதைத் தாண்டியதில்லை. ரகரமும் றகரமும் அவன் எழுத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ‘எனக்குத் தெரிந்த ஒரு தொழில்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் வைத்தியத் தொழிலின் மேன்மையைப் புத்தகத்திலிருந்து எழுதித் தந்தார்கள். இவன் மூன்று பக்கத்துக்குப் பந்தயக் கார் ஓட்டும் முறையை எழுதினான். ஓடுபாதையின் வளைவு ஏன் முப்பத்தொரு பாகை சரிந்திருக்கிறது, ரயர் தேயாமல் எப்படிக் காப்பாற்றுவது, எத்தனையாவது சுற்றில் எரிபொருளுக்கு நிறுத்துவது என்று வரிசையாக விளக்கியிருந்தான். அதில் ஒரு பகுதி என்னை நிறுத்தியது: “முன்னுக்குப் போறவன் காற்றை உடைக்கிறான். பின்னுக்கு ஒட்டிப் போறவனுக்குக் காற்று இல்லை. ஆனால் பின்னுக்கு ஆள் இருந்தால் முன்னுக்குப் போறவனுக்கும் இழுவை குறைவு. இரண்டு பேரும் தனியப் போறதிலும் சேர்ந்து போனால் வேகம்.”

இது பந்தய உலகில் அறியப்பட்ட உண்மை. 1960 இல் டேடோனாப் பெரும் பந்தயத்தின்போது, மேலே நான் சொன்ன யூனியர் யோன்சன், வேகங் குறைந்த தம் காரை வேகங் கூடிய கார்களின் பின்னால் ஒட்டி ஓட்டினால் அவற்றோடு ஈடு கொடுக்கலாம் என்று கண்டுகொண்டு, அந்தப் பந்தயத்தை வென்றார். எங்கள் பிள்ளைகளுக்கோ இதைக் கண்டுபிடிக்கப் பந்தயக் கார் தேவையில்லை. சோளகக் காற்றுக்கு எதிரே வல்லை வெளியைச் சைக்கிளிற் கடந்த எவனும் முன்னால் ஒருவனை விட்டுப் பின்னால் ஒட்டி மிதிக்கக் கற்றவனே. சிறிது தூரம் போனதும் இடம் மாறிக்கொள்வதும் எங்கள் வழக்கம். பந்தயத்தில் அந்த இரண்டாவது வழக்கம் இல்லை. கடைசிச் சுற்று வரை சேர்ந்து ஓடியவர்கள் கடைசி வளைவிலே ஒருவரை ஒருவர் கைவிட வேண்டும். ஏனெனில் பரிசு ஒருவனுக்கே. ஆட்டம் பிள்ளைக்கு இரண்டையும் கற்பிக்கிறது: கூடினால் வேகம் என்பதையும், கூட்டை எப்போது முறிப்பது என்பதையும். முதலாவது பாடத்தை அவன் இயற்கையிலிருந்து பெறுகிறான். இரண்டாவதைப் பரிசு வழங்கும் முறையிலிருந்து பெறுகிறான். இவ்விரண்டும் வெவ்வேறு ஊற்றுக்களிலிருந்து வருபவை என்று பிரித்துக் காட்டுவது ஆசிரியனுடைய வேலை.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வேர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்வில் ஓடுபாதையில் ஒரு சம்பவம் நடந்தது. இறுதிச் சுற்றிலே பத்தாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ரொஸ் சஸ்டெய்ன் என்ற இளைஞர், வளைவிலே வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, காரை வெளிமதிலோடு சாய்த்து முழு வேகத்தில் உரசிக்கொண்டே போனார். மதில் காரைத் தாங்கிப் பிடித்தது. ஐந்து கார்களை முந்தி, அவ்வாண்டின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். இந்தத் தந்திரத்தை எங்கே கற்றீர் என்று கேட்டபோது, சிறுவயதிற் கேம்கியூப் என்ற பெட்டியில் ஆடிய ‘நாஸ்கார் 2005’ என்ற விளையாட்டிலே தாம் இதைச் செய்ததுண்டு என்றார். என் மாணவன் அந்தக் காட்சியைக் கைத்தொலைபேசியில் எத்தனை பேருக்குக் காட்டினானோ தெரியாது. எனக்கு மட்டும் மூன்று தடவை காட்டினான். “சேர், கேமில செய்யிறதை நேராச் செய்துபோட்டான்!” என்று அவன் சொன்னபோது அவனுடைய குரலில் இருந்தது வெறும் வியப்பன்று. விறாந்தையில் ஆடுகிறவனுக்கும் மெய்யான ஓடுபாதைக்கும் இடையில் ஒரு கதவு உண்டு என்ற நம்பிக்கை அது.

அந்த மனிதரைப் பற்றி மேலும் தேடியபோது, அவர் புளோரிடாவிலே தலைமுறை தலைமுறையாக வத்தகப்பழம் பயிரிடும் குடும்பத்தவர் என்று அறிந்தேன். வெற்றி பெற்றால் காரின் மேல் ஏறி நின்று ஒரு வத்தகப்பழத்தை நிலத்தில் அடித்து உடைப்பாராம். கமக்காரன் மகன்! இந்தச் செய்தியை என் மாணவனின் தகப்பனாரிடம் சொன்னேன். தோட்ட வரம்பில் நின்று அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, “மாஸ்டர், அவங்கட வத்தகப்பழத்துக்கு விலை இருக்கு. எங்கட வெங்காயம் கிண்டுற நேரம் பாத்து வெளிநாட்டு வெங்காயம் கப்பல்ல வந்து இறங்குது. உவன் எந்த மதிலிலை உரசினாலும் அஞ்சு பேரை முந்த ஏலாது” என்றார்.

நான் படித்த எந்தப் பொருளாதார நூலும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. ஒருவனுடைய துணிவு பயன்தர வேண்டுமாயின் அதற்குக் கீழே ஒரு தளம் வேண்டும். தமிழர்களிலும் ஒருவர் இந்தப் பந்தயத்துக்குப் போயிருக்கிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் இந்தியாவின் முதலாவது போர்முலா வன் ஓட்டுநரானார். 2010 இல் அமெரிக்கா சென்று நாஸ்காரின் டிரக் வகைப் பந்தயத்தில், அதே மார்ட்டின்ஸ்வில் பாதையிலே தம் முதலாவது போட்டியில் 13 ஆவது இடத்தைப் பெற்றார். அவ்வகைப் பந்தயத்தில் அவ்வாண்டின் மக்கள் விருப்பத்துக்குரிய ஓட்டுநர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அவர் திறமை மறுக்க முடியாதது. எனினும் அவருடைய தகப்பனாரே கார்ப் பந்தய வீரர் என்பதையும், கார் என்பது அந்த வீட்டிலே கைக்கெட்டிய பொருளாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் நாட்டிலோ 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதியே நின்றிருந்தது. திரையிலுள்ள காரைத் தவிர வேறு கார் என் மாணவனுக்கு இல்லை.

இந்த இடத்திலே ஆட்டத்தை மீண்டும் பார்ப்போம். ஓட்டுநராக மட்டுமன்றி, பணஞ் சேர்ந்ததும் சொந்தமாக ஓர் அணியை நடத்தும் முதலாளியாகவும் அதிலே ஆடலாம். பணியாளரை அமர்த்தலாம், சம்பளம் கொடுக்கலாம், போதாதென்று தோன்றினால் நீக்கலாம். உழைப்பாளி அங்கே இருக்கிறான், ஆனால் ஓர் எண்ணாக இருக்கிறான். திறமை இவ்வளவு, கூலி இவ்வளவு என்பதோடு அவனுடைய கதை முடிகிறது. அவன் நோயுறுவதில்லை, அவனுக்குக் குடும்பமில்லை, கூட்டங் கூடிக் கேட்பதற்கு அவனுக்கு வாயுமில்லை. உண்மைச் சரித்திரம் இவ்வாறு ஊமையாக இருக்கவில்லை.

1961 இலே கேட்டிஸ் டேணர், டிம் பிளொக் என்ற இரு புகழ்பெற்ற ஓட்டுநர்கள், பரிசுப் பணத்தில் நியாயமான பங்கும் ஓய்வூதியமும் காப்புறுதியும் வேண்டுமென்று, டீம்ஸ்டர்ஸ் என்ற பெருந் தொழிற்சங்கத்தின் துணையோடு ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம் அமைக்க முயன்றார்கள். பில் பிரான்ஸ் இருவரையும் வாழ்நாள் முழுவதற்கும் பந்தயத்திலிருந்து விலக்கினார். 1965 வரை அந்தத் தடை நீங்கவில்லை. 1969 செப்டெம்பரிலே அலபாமாவின் டலடேகாவில் புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. அந்த வேகத்தை ரயர்கள் தாங்கவில்லை என்று கண்ட ஓட்டுநர்கள், றிச்சர்ட் பெற்றி தலைமையில் அமைந்த தம் சங்கத்தின் மூலம் பந்தயத்தைப் பகிஷ்கரித்தார்கள். நிறுவனம் வேறு ஓட்டுநர்களைக் கொண்டு பந்தயத்தை நடத்தி முடித்தது. இன்றளவும் அந்த ஓட்டுநர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. டலடேகாவின் சரிவு எத்தனை பாகை என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் 33 என்று உடனே சொல்வார்கள். அங்கே நடந்த பகிஷ்கரிப்பை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

வென்டெல் ஸ்கொட்டின் பெயரையும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. வேர்ஜினியாவைச் சேர்ந்த கறுப்பின மெக்கானிக்கான அவர், தம் புதல்வர்களையே உதவியாளராகக் கொண்டு, தம் காரைத் தாமே திருத்தி ஓட்டியவர். 1963 டிசம்பர் முதலாம் நாள் புளோரிடாவின் ஜாக்சன்வில் பந்தயத்தில் அவரே முதல்வராக வந்தார். ஆனால் வெள்ளையர் ஒருவரே வென்றதாக அறிவித்து விழாவை முடித்தார்கள். கூட்டம் கலைந்த பின்னரே கணக்குத் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்கொட் 1990 இல் இறந்தார். நிறுவனம் அந்தக் கிண்ணத்தை அவருடைய குடும்பத்தவரிடம் கையளித்தது 2021 ஓகஸ்டில். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர். அதே ஆண்டு ஒக்டோபரில் பபா வாலஸ் டலடேகாவில் வென்று, ஸ்கொட்டுக்குப் பின் உயர்நிலைப் பந்தயம் ஒன்றில் வென்ற முதற் கறுப்பினத்தவர் ஆனார். வாலஸின் காரை நம் பிள்ளைகள் ஆட்டத்திலே தெரிவு செய்து ஓட்டுகிறார்கள். அந்தக் கார் அங்கே வந்து நிற்பதற்கு எத்தனை பேர் பட்ட அவமானம் தேவைப்பட்டது என்பது திரையில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கற்கும் வகுப்பறையிலே இந்தக் கதையைச் சொல்வதற்கு நான் நீண்ட முன்னுரை கூற வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் உடனே விளங்கிக்கொண்டார்கள்.

ஆட்டம் மறைக்கின்ற மற்றொன்று மரணம். மதிலில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். உண்மையிலே சஸ்டெய்ன் செய்ததை மற்றவர்களும் செய்யத் தொடங்கினால் ஓட்டுநரும் பார்வையாளரும் மடியக்கூடும் என்பதால், 2023 தொடக்கத்தில் நாஸ்கார் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. 2024 ஏப்ரல் 21 இல் எங்கள் நாட்டுத் தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துட் புகுந்து ஏழு பேரைக் கொன்றது. இறந்தவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அடுத்த நாள் வகுப்பிலே எவரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

என் மாணவன் 2023 இல் நடந்த பரீட்சையில் உயர்தரம் கற்பதற்கு வேண்டிய பெறுபேற்றைப் பெறவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முகவர் ஒருவரிடம் பேசிப் பார்த்த குடும்பம், அவர் கேட்ட தொகையைக் கேட்டுத் திரும்பிவந்தது. கராஜுக்கு அனுப்பவோ தாய்க்கு மனமில்லை; கையிற் கறுப்பெண்ணெய் படிந்தவனுக்கு நல்ல இடத்திற் பெண் எடுக்கலாமா என்பது அவர் கவலை. மூளையால் வாழ்கிறவன் மேலோன், கையால் வாழ்கிறவன் கீழோன் என்ற பழைய நோய் எங்கள் கல்விக்குள்ளும் ஊறியிருக்கிறது. 2013 இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னரும், கணிதமும் விஞ்ஞானமும் கிடைக்காதவனுக்குரிய ஒதுக்கிடமாகவே அதைப் பலர் கருதுகிறார்கள். பலமுறை பேசிய பின்னர் தாய் இசைந்தார். இன்று அவன் ஓர் இயந்திரத் திருத்தகத்தில் வேலை பழகுகிறான். இறைப்பு இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் அவன் கைக்கு வருகின்றன. சத்தத்தைக் கேட்டே எந்த உறுப்பிற் பிழை என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருக்கிறான். மாலையில் இன்னமும் டேடோனாவில் ஓடுகிறான்.

ஆனால் அவனுக்கு நியமனக் கடிதம் இல்லை. கிழமை முடிவில் முதலாளி கையிற் கொடுப்பதே சம்பளம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலேயே இந்நாட்டில் நிறைவேறியது. அந்த நிதியில் அவன் பெயர் இல்லை. சென்ற ஆண்டு சுழன்றுகொண்டிருந்த பட்டியில் அவன் விரல் அகப்பட்டு மூன்று கிழமை வீட்டிலிருந்தபோது அந்த மூன்று கிழமைக்கும் கூலி இல்லை. “பழகிற பெடியன்தானே” என்பதே அதற்குக் கிடைத்த விளக்கம். 1961 இல் டேணரும் பிளொக்கும் கேட்டவை எவை? காப்புறுதி, ஓய்வூதியம், உழைப்புக்கு நியாயமான பங்கு. கடல்களுக்கு அப்பாலுள்ள அந்த ஓடுபாதைக்கும் இந்த வீதியோரத் திருத்தகத்துக்கும் இடையிலே நான் தேடிய தொடர்பு இதுதான். இரண்டு இடத்திலும் வண்டியை ஓட வைப்பவனுக்கு வண்டியின் பயனில் உரிமையில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களிடமும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவ நண்பர்களிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளின் கையிலிருந்து விசைக்கருவியைப் பிடுங்க வேண்டாம். அது அவர்களுக்குக் காற்றின் தடையையும் எரிபொருட் கணக்கையும் நாம் கற்பிப்பதிலும் நன்றாகக் கற்பிக்கிறது. அவர்கள் அறிந்ததைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். தகப்பன்மாரின் மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி ஊரிலுள்ள முதிய மெக்கானிக்குகளிடம் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. டலடேகாவின் சரிவைச் சொல்லும் பிள்ளைக்கு டலடேகாவின் பகிஷ்கரிப்பையும் சொல்லுங்கள். வென்டெல் ஸ்கொட்டின் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆட்டத்தை ஆக்கியவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு நமக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை.

என் மாணவன் இப்போது சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டிருக்கிறான். கொடுத்திருக்கிறேன். கடினமான சொற்களுக்கு அடியிற் கோடிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பொருள் கேட்கிறான். தன்னோடு வேலை பழகும் இன்னும் இருவரையும் அழைத்து வருகிறான். தன் சேமலாப நிதி இலக்கம் என்ன என்று முதலாளியை அவன் எப்போது கேட்பான், கேட்டால் வேலை நிலைக்குமா என்பவற்றுக்கு என்னிடம் விடை இல்லை. தனியே கேட்பதிலும் மூவரும் சேர்ந்து கேட்பது நல்லது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அவன் அதை எழுத்துப்பிழையில்லாமல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் நாளில், நான் அவனுக்குக் கற்பித்தது தமிழ்தான் என்று பெருமையோடு சொல்வேன்.